பன்னிரண்டாவது சீடர்

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும் சடங்குக்கு இயேசுவின் சீடர்களாக உட்கார வேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். பங்குச்சாமியார் இராயப்பனை அழைத்தார்.

“சர்க்கரையில ஒரு கால் போயிருச்சே, சாமி. ஒத்தக்கால் சீடர் உண்டா?”

“இருக்குற காலக் கழுவுறேன். வந்து உக்காருங்க.”

மனைவி தெரசம்மாள் அவரைத் தோளில் தாங்கிவந்து பீடத்தருகே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய்த் தரையில் அமர்ந்தாள். சாமியார் மண்டியிட்டு, அவர் பாதத்தில் நீர் வார்த்தார், துடைத்தார், முத்தமிட்டார். எழப்போனவரின் கையை இராயப்பன் மெல்லப் பிடித்தார். மனைவியைக் காட்டினார்.

“இன்னொரு கால் அங்க உக்காந்திருக்கு, சாமி.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. தெரசம்மாள் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சாமியார் செம்பையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நடந்தார்.