மரப் பொம்மை கேட்ட முகம்

ஃபிளாரன்ஸ் நகரத்துப் பழைய ஓவியக்கூடம் ஒன்றில் பட்டு கவுன் உடுத்திய மரப் பொம்மை நின்றிருந்தது. தெருவில் போகிறவர்களைப் படம் பிடிக்கும் ஒர்னெல்லா அங்கே வாடகைக்கு வந்து, தன் கேமராவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“பிரபு வீட்டுப் பெண்கள் ஓவியருக்கு முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் உடுப்பை மாட்டிக்கொண்டு நாள்கணக்காக நின்றது நான். ஓவியத்தில் இருக்கிற உடம்பெல்லாம் என்னுடையது. எனக்கென்று ஒரு முகம்தான் இல்லை,” என்றது பொம்மை.

“அதற்கென்ன, என்னிடம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. பிடித்ததை எடுத்துக்கொள்,” என்று வள்ளல் மாதிரிச் சொன்னது கேமரா.

பொம்மை நிதானமாகத் தேடி ஒன்றை எடுத்துக்கொண்டது. என்றோ ஒரு கடைக் கண்ணாடியைப் படமெடுத்தபோது அதில் எதிரே தெரிந்த முகம். யாருடையது என்று கேமராவுக்கு நினைவில்லை.

மறுநாள் காலை ஒர்னெல்லா வழக்கம்போலக் கேமராவைத் தூக்கிக் கண்ணோடு சேர்த்து வைத்தாள். கேமராவின் முதுகில் பட்டது அவள் கன்னம் அல்ல, வழவழப்பான மரம்.