கொட்டாங்குச்சிப் பலகை

பட்டறைக் கூரையின் இடுக்கு வழியே இறங்கும் காலை வெயில், இரண்டு செங்கல் அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல் கிடக்கும் கான்கிரீட் பலகையில் கோடாக விழுகிறது. ஜல்லிக்குப் பதிலாக உடைத்த கொட்டாங்குச்சியைப் போட்டு வார்த்த இரண்டடிப் பலகை. இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்குக்கடியில் கிடந்துவிட்டு இன்றுதான் வெளியே வந்திருக்கிறது. கொத்தனார் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இன்னொரு தடவை தட்டுகிறார். போன தடவை கொட்டாங்குச்சியைக் காய்ந்தபடியே போட்டுவிட்டார். கலவையில் இருந்த தண்ணீரையெல்லாம் அது குடித்துவிட, பலகை கைபட்டதும் பொலபொலவென உதிர்ந்தது. இந்தத் தடவை அவர் மனைவி முதல் நாளே அதைத் துணி ஊறவைக்கும் அண்டாவில் கொட்டி ஊறப்போட்டாள். அழுக்குத் துணி இரண்டு நாள் மலையாகக் கிடந்தது. “தள்ளுங்க, நான் ஏறிப் பாக்குறேன்” என்கிறாள் இப்போது. “வேணாம்டி, சிமெண்ட் மூட்டைய வச்சுப் பாத்துக்கலாம்.” “மூட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு போன வாரம் நீங்கதானே கேட்டீங்க?” செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். பலகையின் நட்டநடுவில் நின்று, குதிகாலை உயர்த்தி ஒரு குதி குதிக்கிறாள். வெயில் கோட்டில் கொஞ்சம் தூசி எழுந்து அடங்குகிறது, அவ்வளவுதான். இறங்கியவள் பலகையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறாள். கனமான ஜல்லிப் பலகையை இருவராகத் தூக்கிய வழக்கத்தில் மறுமுனையைப் பிடிக்க ஓடிவந்த கொத்தனாரின் இரண்டு கைகளும், வேலை ஏதுமில்லாமல், நீட்டியபடியே நிற்கின்றன.