எரிக்க வைத்த சாக்கு

“கோயிலுக்குக் கொடுத்த பொருள் களவு போயிருக்கிறது,” என்றார் பங்குச் சாமியார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவில். “எடுத்தவர் யாரென்று எடுத்தவருக்குத் தெரியும். அவர் வந்து பாவசங்கீர்த்தனத்தில் அதை ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.”

பிறகு, காணிக்கையில் ஒரு பங்கை ஒளித்துவைத்த கணவனும் மனைவியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதையை நிதானமாகச் சொன்னார். பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த பிரகாசியம்மாள், விழுந்தால் யார் மடியில் விழுவோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்து மணலில் பேச்சு கிளம்பியது.

“அந்தோணியாரு சிலையில கிடந்த சங்கிலியாத்தான் இருக்கும்,” என்றாள் ஒருத்தி.

“போடி. சங்கிலி அவருக்க கழுத்திலதான் கிடக்கு. இப்பந்தான் பாத்தேன்,” என்றாள் இன்னொருத்தி.

“பின்ன என்னதான் போச்சு? சாவி முழுக்க உபதேசியாருக்க மடியிலல்லா இருக்கு?”

உபதேசியார் ஏசுஅடிமை வாசலில் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார். மணியடிப்பதும், சாமியார் வீட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் அவர் வேலை. “எனக்க பிள்ளையளுக்க மேல சத்தியம்,” என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “சாமிக்க கண்ணப் பாத்தியளா? மிளகாப்பழம். விடியமட்டும் விளக்கு எரியுது. ரேஷன் மண்ணெண்ண எங்க தாங்கும்?”

“நமக்க பாவத்துக்காகச் செபிக்காரு.”

“நமக்க பாவத்துக்கு ரேஷன் எண்ண பத்தாதுட்டி.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுஅடிமை சிரிக்கவில்லை. பிரகாசியம்மாளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காணாமல் போனது என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

நாற்பது நாள் தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்பு சாமியார் உபதேசியாரிடம் வீடு வீடாகச் சாக்கு அனுப்பியிருந்தார். தபசு காலத்தில் வீட்டில் இருக்கக்கூடாத சீட்டுக்கட்டு, பகடை, துப்பறியும் நாவல் எல்லாவற்றையும் அதில் போடவேண்டும். பழைய குருத்தோலையோடு சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலையே எல்லார் நெற்றியிலும் பூசுவதாக ஏற்பாடு. ஆனால் புதனன்று எரிந்தது குருத்தோலை மட்டும்தான். கடல் காற்றில் புத்தகமெல்லாம் ஈரம் பிடித்திருக்கிறது, காயட்டும் என்று சாமியார் சாக்கைத் தன் அறைக்கே எடுத்துப் போய்விட்டார்.

பிரகாசியம்மாளின் கணவன் மரியஜான் வலைநூல் வாங்க நாகர்கோவிலுக்குப் போனால், அவளுக்கு ஒரு நாவலும் வாங்கி வருவான். ஏசுஅடிமை சாக்கோடு கதவைத் தட்டியபோது அவள் கடைசி அத்தியாயத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜமீன் மாளிகையில் மரகத அட்டிகை தொலைந்துவிட்டது. துப்பறிபவர் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கதவைத் தாழிட்டு, திருடன் இங்கேதான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். சமையற்காரன் வியர்த்தான். ஜமீன்தாரின் மருமகன் கைக்குட்டையைத் தேடினான்.

அவள் கை தானாகக் கிழித்தது. புத்தகம் சாக்கில் விழுந்தது. கடைசி அத்தியாயம் அரிசிப் பானைக்குள் போயிற்று.

அதைப் பற்றி அவள் நிறைய யோசித்தாள். கரைமடி வலை காலியாக வந்த நாட்களில்கூட அவள் பிறர் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்ததில்லை. பசியைத் தாங்கத் தெரிந்தவளுக்கு, தெரியாமல் இருப்பதைத் தாங்கத் தெரியவில்லை. இப்படி ஒருத்தி தனக்குள் குடியிருந்தது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்றுதான் வியப்பாக இருந்தது. வெட்கம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

ஆனால் ஏசுஅடிமையின் சத்தியம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியான மரக்கூண்டின் முன் முழங்காலிட்டாள். மரத்தட்டியின் துளைகளுக்கு அப்பால் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது.

“களவாண்டேன் சாமி.”

“எதை?”

“அட்டிகைக் கதைக்க கடைசி அத்தியாயத்த. சாக்கில போடும்ப கிழிச்சு வச்சுக்கிட்டேன். உபதேசியாரு பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

காது தட்டிக்கு இன்னும் நெருங்கி வந்தது. “பெரிய பாவம்,” என்றார் சாமியார். “முழுவதும் படித்தாயா?”

“ரெண்டு தடவ.”

அவர் பெருமூச்சு விட்டார். “களவுப் பொருளைத் திருப்பித் தராமல் மன்னிப்பு இல்லை. போய் எடுத்து வா. இப்போதே.”

“அது இல்ல சாமி.”

“இல்லையா?”

“பிரசங்கம் கேட்டுப் பயந்துபோனேன். வீட்டுக்குப் போனதும் அடுப்பில வச்சிட்டேன். சாளை மீனு பொரியுமுன்ன எரிஞ்சு தீந்துது.”

தட்டிக்கு அப்பால் ஒரு நெற்றி மரத்தில் மெதுவாக மோதுவது கேட்டது.

மன்னிப்பு இல்லை என்றுதான் சொல்லப்போகிறார். இனி பூசையில் நன்மை அப்பம் வாங்க முடியாது. ஏன் வாங்கவில்லை என்று ஊர் கேட்கும், மரியஜான் கேட்பான். பிரகாசியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சாமியார் தொண்டையைச் செருமினார். குரல் பிரசங்கத்தில் கேட்ட குரலாக இல்லை.

“மகளே, அட்டிகைய எடுத்தது சமையக்காரனா, மருமகனா?”