முதல் புகை

"குழாய்க்குள்ள ஒரு குழாய் பெரியம்மா. உள் குழாய் வழியா எரிஞ்ச காத்து வெளிய போகும். அதைச் சுத்தியிருக்கிற இடைவெளியில நல்ல காத்து உள்ள வரும். போற சூடு, வர்ற குளிரைக் கொஞ்சம் தணிச்சு அனுப்பும். எவ்வளவு அழகு பாருங்க!"

சுவரில் போட்ட துளைக்குள் குழாயைச் செருகியபடி, பாய்லர் பொருத்த வந்த எமில்பெக் சொன்னான். பிஷ்கெக்கின் ஓரத்திலிருந்த அந்தத் தெருவுக்கு இந்த இலையுதிர் காலத்தில்தான் எரிவாயு வந்திருந்தது. வீட்டைச் சூடாக்கும் முதல் எரிவாயு பாய்லர் சல்கின் வீட்டில்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஜூரா, தேநீருக்கும், எண்ணெயில் பொரித்த சூடான போர்சோக் அப்பத்துக்கும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பெரிசாத் தலையில் துணி கட்டிக்கொண்டு, கிண்ணங்களில் வழக்கப்படி பாதிப் பாதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப புகை?" என்றாள் ஜூரா.

"வராது பெரியம்மா. நிலக்கரி இல்லையே! குளிர்ல லேசா வெள்ளை ஆவி தெரியும். அவ்வளவுதான்."

ஜூரா போர்சோக்கைக் கீழே வைத்தாள். "புகையே இல்லேன்னா, உன் மருமக எழுந்தாளா தூங்குறாளான்னு ஊருக்கு எப்படித் தெரியும், சல்கின் அக்கா?"

சல்கினுக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் மருமகள்களுக்கு மதிப்பெண் போடுவது புகைபோக்கிகள்தான். விடியுமுன் எந்தக் கூரையில் முதல் புகை எழுகிறதோ, அந்த வீட்டு மருமகள் கெட்டிக்காரி. பெரிசாத் வந்த குளிர்காலத்திலிருந்து ஒருநாள்கூட அந்த இடத்தை வேறு வீட்டுக்கு விட்டதில்லை. கல்யாணப் பந்தியானாலும் கருமாதிப் பந்தியானாலும் சல்கின் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்ததில்லை.

"தெரியாட்டி போகட்டும். இத்தனை வருஷம் தெரிஞ்சது பத்தாதா?" என்றாள்.

"அடுத்த வாரமே பேசுவாங்க பாரு, பெரிசாத்துக்குச் சோம்பல் வந்துடுச்சுன்னு. ஆமா, இது யார் வாங்கினது? மாஸ்கோவிலேருந்து மகன் அனுப்பினானா?"

"மருமக வாங்கினது. தையல் கூடத்துல சம்பாதிச்சு வாங்கினது."

"அடேயப்பா! சொந்தக் காசுல தனக்குத் தூக்கம் வாங்கிக்கிட்டாளா? என் மருமக காதுல போட்டுறாதே, தாயே. அவளை இப்பவே உலுக்கித்தான் எழுப்புறேன்!"

பெரிசாத்தின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். சல்கின் காலிக் கிண்ணத்தை அவள் கையில் திணித்தாள். "ஊத்தும்மா."

எமில்பெக் அழுத்தமானியைத் துடைத்தான். "பழைய நிலக்கரி அடுப்புக்குப் போற தண்ணிக் குழாயைத் துண்டிச்சுட்டேன். இனிமே அதுல நெருப்பு வெச்சிடாதீங்க. தண்ணி இல்லாம காஞ்சா வெடிச்சிரும். அக்கா, புகைபோக்கியை அடைக்கிற தகடு எங்க இருக்கு?"

பெரிசாத் அடுப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவ டீ ஊத்தட்டும்ப்பா," என்று சல்கின் எழுந்தாள். "இந்தா, இந்தச் செங்கல்லுக்குப் பின்னால. தூக்கிப் பிடிச்சு இழுக்கணும். இல்லேன்னா சிக்கிக்கும்."

தகடு கரகரவென்று மூடிக்கொண்டது. எமில்பெக் பொத்தானை அழுத்தினான். உள்ளே டிக் டிக் என்று பொறி தட்டியது. சின்னக் கண்ணாடியில் நீலச் சுடர் வரிசையாக எழுந்து நின்றது.

"பம்பு சுத்துது, கேக்குதா? இப்ப வெந்நீர் அறை அறையா ரேடியேட்டருக்குப் போய்க்கிட்டிருக்கு. வீடு சூடானதும் சுடர் தானா அணையும், ஆறினா தானா எரியும். காலையில எத்தனை மணிக்குச் சூடு கூட்டணும்?"

"ஜூரா வீட்டு அடுப்புக்கு முன்னால," என்றாள் சல்கின். "ஆவியாவது எங்களுது முதல்ல வரட்டும்!"

எமில்பெக் வாய்விட்டுச் சிரித்தான். ஜூராவும் சிரித்தாள். கதகதவென்று ஆகிவிட்ட ரேடியேட்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் உனக்கு வாய்ச்ச மாதிரி மருமக எவளுக்கு வாய்க்கும்!" என்று பெருமூச்சுவிட்டாள். எமில்பெக் தன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, பின்னாலேயே அவளும் இறங்கிப் போனாள்.

கதவு மூடியதும் பெரிசாத் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அத்தை, ராத்திரியெல்லாம் தைக்கிறவ தூங்கட்டும்னு, கல்யாணமாகி வந்த நாள்லேருந்து என் பேர்ல நீங்க அடுப்பு மூட்டினது போதும். நாளைக்காவது எனக்கு அப்புறம் எழுந்திரிங்க."

"மெதுவாப் பேசுடி!" சல்கின் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் வாயைப் பொத்தினாள். "ஜூரா இன்னும் நம்ம கேட்டைத் தாண்டல."