பெஞ்சடியில் ஒரு அணில்

பூங்கா ஒன்றில் ஓர் அணில் ஜோடி குடியிருந்தது. ஆண் அணில் முன்பெல்லாம் நாள் முழுக்க மரத்துக்கு மரம் தாவும். எந்தக் கொட்டையை எந்தப் பொந்தில் வைத்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லும். வாக்கிங் வரும் ஒருவர் அதற்கு வறுத்த கடலை போட ஆரம்பித்தார். அதோடு ஓட்டம் நின்றது. பெஞ்சடியே கதி என்று கிடந்தது.

"நடந்தாத்தான் மூளைக்கு ரத்தம் ஓடுமாம், ஞாபகம் நிக்குமாம். டாக்டர் சொல்றார்" என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டே அவர் கடலையைப் போடுவார். "பாவம், இது எதுக்கு அலையணும்?"

பெண் அணில் இதைப் பார்த்துவிட்டு ஆணிடம் வரும். "கொஞ்சம் ஓடியாடிட்டு வாங்களேன்" என்று கெஞ்சும்.

"உட்கார்ந்த இடத்துல கிடைக்குது. விடேன்" என்னும் ஆண்.

ஒருநாள் அடைமழையில், இரண்டு குட்டிகளோடு கூடு இருந்த கிளை முறிந்தது. ஒரு குட்டியைப் பெண் கவ்விக்கொண்டு ஓடியது. இன்னொன்றை ஆண் தூக்கிக்கொண்டு போனது.

மழை விட்டதும் பெண் கேட்டது: "நம்ம சின்னதை எங்க வச்சீங்க?"

ஆண் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தது. "பொந்துலதான் வச்சேன்... புங்கமரமா? இல்ல, அந்த வாகையா?"

பெண் ஒரு பொந்து விடாமல் தலையை நுழைத்துக் கூப்பிட்டது. அந்தக் குட்டிக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தேடியும் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

விடிந்து, தொண்டை கட்டிப்போய்ப் பெண் பெஞ்சடிக்கு வந்தது. வாக்கிங்காரர் வந்து போயிருந்தார். ஆண் அணில் ஒரு கடலையைத் தோல் உரித்து, ஆசையாக அதன் பக்கம் நீட்டியது.

"இந்தா, சாப்பிடு. நேத்துலேர்ந்து அப்படி என்னத்தைத் தேடிக்கிட்டு அலையறே?"