குறையே இல்லாத கார்

“எஞ்சினை முன்னாடியே சூடாக்கி வைக்கலையே?” என்று கேட்டபடி, கார் வாங்க வந்தவர் சாவியைத் திருகினார். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிழட்டுக் கார் சட்டென்று உறுமியது.

அவர் முகம் தொங்கிப்போனது.

புகையைப் பார்த்தார், கறுப்பே இல்லை. கால்மிதியைத் தூக்கித் துருவைத் தேடினார். தரையில் படுத்து, ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ‘பாம், பாம்’ என்று ஹாரன் சத்தம் கேட்டது. விற்பவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“ஒரு குறைகூட இல்லையே!” என்று நொந்துகொண்டார் வந்தவர்.

“அதுக்கு ஏன் சார் இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?”

“எங்கப்பாவுக்கு எண்பத்தஞ்சு வயசு. கண்ணு சரியாத் தெரியாது. கார் ஓட்டியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். ஸ்டார்ட்டே ஆகாத வண்டி ஏதாவது இருக்கா?”

“பின்னாடி ஒண்ணு நிக்குது. எஞ்சினையே கழட்டியாச்சு. ஹாரன் மட்டும்தான் வேலை செய்யும்.”

“அதையே குடுத்துடுங்க!”

“இப்போ முடியாது சார். எங்கப்பா அதுல ஆபீஸ் போயிட்டிருக்கார். சாயங்காலம் வீடு வந்து சேரட்டும், கேட்டுச் சொல்றேன்.”