மருந்து எடுப்பவள்

"மருந்து வந்துச்சுன்னா இவ இங்கிட்டிருந்தே அவ ஆத்தா வீட்டுக்குப் போயிரட்டும். அதுக்குத்தான் மூட்டையையும் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்றாள் உண்ணாமலை, மருமகள் அழகியைக் காட்டி.

மூக்காயி மூட்டையைப் பார்த்தாள். பழைய வேட்டியில் கட்டிய சின்ன மூட்டை. அழகியின் இரண்டு சேலையும் ஒரு சீப்பும் அதற்குள் இருந்தன. மீமிசலில் பஸ் ஏறும்போதே மாமியார் அதை அவள் மடியில் வைத்துவிட்டாள்.

நோவு அழகியின் புருஷன் சிவசாமிக்கு. நெஞ்சுக்குழிக்குக் கீழே, எட்டு மாதமாக. வயிறு காய்ந்தால் எரிந்தது. சாப்பிட்டால் ஊதிக்கொண்டு புளித்த ஏப்பம் வந்தது. சுக்கு, ஓமம், மந்திரித்த தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. கல்யாணமாகி இரண்டு வருஷம், வந்தவள் சோற்றில் எதையோ வைத்து மகனைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று உண்ணாமலை வந்ததும் வராததுமாகச் சொல்லி முடித்தாள். அப்படி வைத்த மருந்து வயிற்றில் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதை உறிஞ்சி எடுக்க ஆவுடையார்கோவில் சுற்றுவட்டாரத்தில் மூக்காயியை விட்டால் ஆள் இல்லை.

அழகி எதையும் வைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது. மூக்காயியிடம் வந்து உருண்டை எடுக்காமல் திரும்பியவர் இல்லை என்று பஸ்ஸில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

மூக்காயிக்கு ஐம்பது வயது இருக்கும். சிரிக்காத முகம். சிவசாமியைப் பாயில் படுக்கவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு மேல்வயிற்றை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே விசாரித்தாள்.

கருவாட்டு வண்டி ஓட்டுவதாக அவன் சொன்னான். கோழி கூப்பிட எழுந்து வெறும் வயிற்றில் கடுங்காப்பி, பிறகு புகையிலை. பகல் சோற்றுக்கு நேரம் கிடையாது. ராத்திரி வீடு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கை காய்வதற்குள் படுக்கை.

"கொழம்பு யாரு வைக்கிறது?"

"நான்தான்" என்றாள் உண்ணாமலை. "கண்ணுல தண்ணி வர்ற காரம் இருந்தாத்தான் அவனுக்கு எறங்கும்."

மூக்காயி அவளைப் பார்க்கவில்லை. "இடுப்பு நோவுக்கு ஏதாச்சும் திங்கிறீங்களா, தம்பி?"

சிவசாமி அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். வண்டிக் குலுக்கலுக்குத் தலைவலி மாத்திரை போடுவது உண்டு என்றான். காப்பியோடு தினமும் இரண்டு. எத்தனை நாளாக என்று கேட்டாள். எட்டு ஒன்பது மாதமாக என்றான்.

மூக்காயியின் கை நின்றது. பிறகு நகர்ந்தது. வண்டி ஓட்டுவதற்கு முன்னால் எங்கே இருந்தான் என்று கேட்டாள். கண்டியில், தேயிலைத் தோட்டத்தில். திரும்பி வந்து ஐந்து வருஷம்.

"இந்தக் கதையெல்லாம் எதுக்குத் தாயி? எடுங்க" என்றாள் உண்ணாமலை.

மூக்காயி ஒரு பித்தளைக் குழலை அவன் வயிற்றில் வைத்தாள். மூன்று தடவை உறிஞ்சினாள். மூன்றாவது தடவை வெற்றிலையில் துப்பினாள்.

சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஓர் உருண்டை. மேலே மயிர் சுற்றியிருந்தது.

சிவசாமி எழுந்து உட்கார்ந்தான். பெண்டாட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அழகி தானாகவே மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்க" என்றாள் மூக்காயி. உருண்டையை ஒரு முள்ளால் குத்தி வெளிச்சத்தில் திருப்பினாள். "இது புதுசு இல்ல. ஏழு வருசத்து மருந்து. கல்லாட்டம் இறுகிக் கெடக்கு."

உண்ணாமலை விரல் மடக்கி எண்ணினாள்.

"ஏழு வருசத்துக்கு முந்தி இவன் கண்டியிலதானே இருந்தான்" என்றாள் உண்ணாமலை, மெதுவாக.

"அங்க சோறு போட்டவ யாருன்னு தம்பியைத்தான் கேக்கணும்."

கிளப்புக் கடையில்தான் சாப்பிட்டேன் என்று சிவசாமி அவசரமாகச் சொன்னான். உண்ணாமலை நம்பியதாகத் தெரியவில்லை. அழகியின் கையிலிருந்து மூட்டையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மூக்காயி பத்தியம் சொன்னாள். உருண்டை போனாலும் அது இருந்த இடம் புண்ணாக இருக்கும். புகையிலை ஆகாது. காரம் ஆகாது. மாத்திரையைக் கையால் தொடக்கூடாது. எழுந்ததும் நீராகாரம், நேரத்துக்குச் சோறு, சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது. புண் எப்படி இருக்கிறது என்று புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் இந்த வாரமே காட்டிவிட வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ ஒரு பொழுதுகூடத் தாமதிக்கக்கூடாது. ஆஸ்பத்திரி என்றாலே எரிந்து விழுகிற உண்ணாமலை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"உருண்டையை எருக்கஞ்செடி அடியில பொதைக்கணும். பொண்டாட்டி கையாலதான் பொதைக்கணும். வா, ஆத்தா."

கொல்லையில் அழகி குழி தோண்டினாள். உருண்டையை உள்ளே போட்டாள்.

"நெசமாவே ஏழு வருசத்துதா, அக்கா?"

"ஒண்ணும் வரலேன்னா ஒன் மாமியா இன்னொருத்திக்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போகும். அவ என்ன வருசம் சொல்லுவாளோ."

அழகி நிமிர்ந்து பார்த்தாள். மூக்காயி குனிந்து மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துச் சமப்படுத்தினாள்.

"எம் புருசன் வயித்துல எடுத்தவ, ஒரு வருசத்து மருந்துன்னு சொன்னா" என்றாள். "எங்களுக்கு அப்பக் கல்யாணமாகி ஒரு வருசம்."